ஹைடவரும் மைனஸ் 51 கெஜமும்

கொசுவர்த்தி ஏத்திக்கறேன், கோவிச்சுக்காதீங்க மக்களே. தொண்ணூறுகள்ல எங்க தெருவுக்கு கேபிள் வந்த புதுசு. எங்க வீட்டுல இல்லை, பக்கத்து வீட்டு மாமா வீட்டுலதான். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல இங்கிலீஷ் படம் போட்டா நாங்க ஏழெட்டு வானரங்க தரையில உட்கார்ந்துடுவோம். வசனம் பாதிக்கு மேல புரியாது. அதனால சத்தம் போட்டு, விழுந்து எழுந்து காமெடி பண்ற படமா இருந்தா எங்களுக்குக் கொண்டாட்டம். அப்படித்தான் 'போலீஸ் அகாடமி' எங்க குலதெய்வமாச்சு.

அதுல ஹைடவர்னு ஒருத்தர் வருவார். ஞாபகம் இருக்கா? ஆறடி ஏழு அங்குலம். முன்னாடி பூ வியாபாரம் பண்ணிட்டு இருந்துட்டு போலீஸ்ல சேர வந்தவர். பேச்சே கிடையாது. கார் ஓட்டிப் பழகறதுக்காக ஒரு குட்டி ஹோண்டா சிவிக்குல ஏறப் பார்ப்பார், உடம்பு உள்ள போகாது. முன் சீட்டைப் பிடுங்கி வெளில எறிஞ்சுட்டு பின் சீட்டுல உட்கார்ந்து ஓட்டுவார். அதுக்கு நாங்க சிரிச்ச சிரிப்புல மாமி வந்து டிவியை நிறுத்தினதும் உண்டு.

இன்னொரு காட்சி. கூடப் பயிற்சி எடுக்கற ஹூக்ஸ்ங்கற கறுப்பினப் பெண்ணை ஒருத்தன் மட்டமா திட்டிடுவான். ஹைடவர் ஒரு வார்த்தை பேசாம வந்து, அவன் உட்கார்ந்திருக்கற போலீஸ் காரை அப்படியே தலைகீழா கவுத்துடுவார். அதுக்காக அவரை அகாடமியை விட்டே அனுப்பிடுவாங்க. அதுக்கும் சிரிச்சோம். அவன் திட்டினது இனத்தைச் சொல்லித்தான்னு எனக்குப் புரிஞ்சதே பல வருஷம் கழிச்சுத்தான்.

அந்த நடிகர் பேரு பப்பா ஸ்மித். (பப்பாளி ஜோக்கெல்லாம் நாங்களே அடிச்சு முடிச்சுட்டோம், நீங்க புதுசா முயற்சி பண்ண வேண்டாம் :-)) பெத்தவங்க வெச்ச பேர் சார்ல்ஸ் ஆரன் ஸ்மித். அவர் நடிகராகறதுக்கு முன்னாடி யாருங்கறது, பின்னாடி வேலை விஷயமா மிச்சிகன்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினப்பதான் தெரிய வந்தது. அலுவலகத்துல ஒரு பெரியவர், ஈஸ்ட் லான்சிங் ஊர்க்காரர், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பைத்தியம். பேச்சுவாக்குல 'போலீஸ் அகாடமி' பத்தி சொன்னேன். மனுஷன் என்னைப் பாவமா பார்த்தார். "உனக்கு அந்த ஆளை அதுலதான் தெரியுமா?"ன்னு கேட்டார். அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல். இப்பதான் எழுத உட்கார்ந்திருக்கேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு ஒரு பத்து வரி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. காலால உதைக்கறது இதுல கொஞ்சம்தான். பக்கத்துக்கு 11 பேர். பந்து வெச்சிருக்கற அணிக்கு நாலு வாய்ப்பு, அதுக்குள்ள 10 கெஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. ரெண்டு அணியும் நேருக்கு நேர் குனிஞ்சு வரிசை கட்டி நிக்கும். பந்து கை மாறின நொடியில ரெண்டு வரிசையும் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கும். எதிரணியோட மூளையா இருக்கற குவார்ட்டர்பேக்கை அமுக்கணும், பந்தோட ஓடி வர்றவனை மடக்கணும். இதுதான் தடுப்பு வரிசைக்காரன் வேலை. கபடியில கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு ஆளைப் பிடிக்கறவங்களை நினைச்சுக்கோங்க, ஆனா ஒரு ஆட்டத்துல அறுபது எழுபது தடவை, ஒவ்வொரு தடவையும் எதிர்ல 110 கிலோ ஆள். பேர் வாங்கறதெல்லாம் பந்து எறியறவனும் ஓடறவனும்தான். தடுப்பு வரிசைக்காரன் பேரைச் சொல்லி ஒரு ஸ்டேடியமே கத்தறது அபூர்வம். பப்பா ஸ்மித்துக்குக் கத்தினாங்க. "கில், பப்பா, கில்"னு கோஷம். அதை அச்சடிச்ச பேட்ஜைச் சட்டையில குத்திக்கிட்டு அலைஞ்சாங்க.

பப்பா பொறந்தது 1945 பிப்ரவரி 28, டெக்சாஸ்ல ஆரஞ்சுங்கற ஊர்ல. வளர்ந்தது பக்கத்துல இருக்கற போமாண்ட். 1901ல எண்ணெய் பீறிட்டு அடிச்ச ஸ்பிண்டில்டாப் இருக்கற ஊர். அவர் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1943ல, அங்க கறுப்பர் குடியிருப்புகளைத் தாக்கிக் கொளுத்தின பெரிய கலவரம் நடந்தது. பள்ளிக்கூடம் தனித்தனி. விளையாட்டுச் சங்கமும் தனித்தனி. டெக்சாஸ்ல வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஒரு திருவிழான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வெள்ளிக்கிழமை மைதானம் வெள்ளைப் பசங்களுக்கு. கறுப்புப் பள்ளிகள் அதே மைதானத்துல புதன், வியாழன்தான் ஆடணும். பப்பாவோட அப்பா வில்லி ரே ஸ்மித், சார்ல்டன் பொல்லார்ட் என்ற கறுப்பர் பள்ளியில ஃபுட்பால் பயிற்சியாளர். மூணு பசங்களையும் ஆட்டக்காரங்களாத்தான் வளர்த்தார். பப்பா நடு ஆள்.

1963ல பள்ளி முடிக்கிறார். இவ்வளவு பெரிய உருவம், அதோட வேகம். மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கணுமா இல்லையா? ஒண்ணும் வரலை. ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1956லயே கறுப்பு மாணவர்களை இளநிலைப் படிப்புக்குச் சேர்த்துக்கிச்சு. வகுப்பறையில உட்காரலாம், ஃபுட்பால் அணியில இடமில்லை. அது மட்டும் இல்லை, டெக்சாஸ் கல்லூரிகள் நிறைஞ்ச சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் முழுக்கவே அன்னிக்கு அப்படித்தான். (பப்பா ஊர்க்காரரான ஜெர்ரி லெவையஸ்தான் பிற்பாடு 1965ல எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகத்துல கையெழுத்துப் போட்டு அந்தச் சுவரை முதல்ல உதைச்சவர்கள்ல ஒருத்தர். அந்த ஆள் பட்ட பாடு தனிப் பதிவுக்கான விஷயம்.)

இங்கதான் டஃபி டோஹர்ட்டி வர்றார். மிச்சிகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர், வெள்ளைக்காரர், வாயைத் திறந்தா நக்கல். தெற்கே வெள்ளைப் பயிற்சியாளர்கள் நடத்துற பயிற்சி வகுப்புகளுக்குள்ள கறுப்புப் பயிற்சியாளர்களை விடமாட்டாங்க. டஃபி அவங்களுக்குன்னு போய் வகுப்பு எடுத்தார். அந்தப் பழக்கத்துல, தங்கள் பசங்க யார் நல்லா ஆடறாங்கன்னு அவங்க இவருக்குச் சொல்லுவாங்க. வில்லி ரே ஸ்மித்தும் அதுல ஒருத்தர். தன் மகனை டஃபிகிட்ட ஒப்படைச்சதோட நிக்கலை, வேற பள்ளியில ஆடிக்கிட்டிருந்த ஜீன் வாஷிங்டன்னு ஒரு பையனையும் சேர்த்துக்கச் சொல்லிப் பரிந்துரைச்சார். சவுத் கரோலினாவுல இருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர், நார்த் கரோலினாவுல இருந்து ஜிம்மி ரே. 19ஆம் நூற்றாண்டுல அடிமைகள் வடக்கே தப்பிச்சுப் போன ரகசிய வழியை 'பாதாள ரயில்பாதை'ன்னு சொல்வாங்க. இந்தப் பசங்க வந்த வழிக்கும் அந்தப் பேரையே வெச்சாங்க.

டஃபியை மகாத்மாவாக்கிப் பேசறவங்களும் உண்டு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. அவருக்கு ஜெயிக்கணும், ஜெயிக்க வைக்கற ஆட்கள் தெற்கே சும்மா கிடந்தாங்க. ஆனா அந்த சும்மா கிடந்தவங்க மத்த கோச்சுகள் கண்ணுலயும்தான் பட்டாங்க, அவங்க போகலையே. அந்த மட்டுல மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

போமாண்ட்ல இருந்து ஈஸ்ட் லான்சிங் சுமார் 2000 கிலோமீட்டர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட சென்னையில இருந்து டெல்லி. வீட்டுல இருந்து 400 கிலோமீட்டர்ல மாநிலத்தோட பெரிய பல்கலைக்கழகம் இருக்க, ஒரு 18 வயசுப் பையன் பனி கொட்டற ஊருக்குப் போறான். நான் அந்த ஊர்ப் பக்கம் ஜனவரியில இருந்திருக்கேன். மூக்கு உறைஞ்சு போச்சு, பிடுங்கி ஃப்ரிட்ஜுல வெச்ச மாதிரி. எனக்காவது சம்பளம் குடுத்தாங்க.

முதல் வருஷ மாணவர்கள் பெரிய அணியில ஆடக்கூடாதுங்கறது அன்னிய விதி. அதனால பப்பா ஆடினது 1964, 65, 66. முதல் வருஷம் சுமார்தான். 1965ல அந்தத் தடுப்பு அணி பண்ணினதுதான் நான் தலைப்புல வெச்ச கணக்கு. அந்த வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகம் இவங்களுக்கு எதிரா ஓடி எடுத்த கெஜம் மைனஸ் 51. ஒஹாயோ ஸ்டேட் மைனஸ் 22. நோட்டர் டேம் மைனஸ் 12. மூணுமே ஜாம்பவான் அணிகள். முதல்ல பார்த்தப்ப அச்சுப்பிழைன்னுதான் நினைச்சேன். கல்லூரி ஆட்டத்துல, எறியறதுக்கு முன்னாடி குவார்ட்டர்பேக்கைப் பின்னாடியே அமுக்கிட்டா, அந்த இழப்பும் ஓட்டக் கணக்குலதான் கழியும். ஆட்டம் முழுக்க ஓடிட்டு கடைசியில கூட்டிப் பார்த்தா புறப்பட்ட இடத்துக்கும் 51 கெஜம் பின்னாடி நிக்கறாங்க! ரன் அவுட் ஆனதுக்கு அபராதமா ஸ்கோர்ல இருந்து ரன்னைக் கழிச்ச மாதிரி.

வழக்கமான பத்து ஆட்டமும் ஜெயிச்சாச்சு. பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடற யூ.பி.ஐ. பட்டியல்ல முதலிடமும் வந்தாச்சு. 1966 ஜனவரி 1, கலிஃபோர்னியாவுல ரோஸ் பவுல். எதிர்ல யூ.சி.எல்.ஏ. சீசன் தொடக்கத்துல 13-3ன்னு இவங்க தோற்கடிச்ச அணிதான். அந்த அணியில ஓட்டக்காரர் மெல் ஃபார், அவரும் போமாண்ட் பையன்! எதிரிப் பள்ளியான ஹீபர்ட்ல படிச்சவர். சொந்த மாநிலம் வேண்டாம்னு சொன்ன ரெண்டு பேரும், ஒருத்தன் வடக்கே, ஒருத்தன் மேற்கே போய், கலிஃபோர்னியாவுல நாடே பார்க்க முட்டிக்கிட்டாங்க. யூ.சி.எல்.ஏ. 14-12ல ஜெயிச்சது. அந்தத் தோல்வியால ஏ.பி. பட்டியல்ல மிச்சிகன் ஸ்டேட் ரெண்டாவதாச்சு.

அடுத்த வருஷம்தான் சரித்திரம். அணியில 20 கறுப்பு ஆட்டக்காரர்கள், குவார்ட்டர்பேக்கே ஜிம்மி ரே. தெற்குப் பல்கலைக்கழகங்கள் பலதும் ஒருத்தரைக்கூடச் சேர்க்காத காலம்ங்கறதை மறந்துடாதீங்க. 1966 நவம்பர் 19, ஈஸ்ட் லான்சிங். முதலிடத்துல நோட்டர் டேம், ரெண்டாமிடத்துல மிச்சிகன் ஸ்டேட். மைதானத்துல 80,011 பேர். நோட்டர் டேம் அணியில மொத்தமே ஒரே ஒரு கறுப்பு ஆட்டக்காரர், ஆலன் பேஜ். அவரும் தடுப்பு வரிசைக்காரர்தான், பின்னாளில் மின்னசோட்டா மாநில உச்சநீதிமன்ற நீதிபதியானவர்.

ஆட்டத்துக்கு முன்னாடியே நோட்டர் டேமோட முக்கிய ஓட்டக்காரர் நிக் எடி ரயில்ல இருந்து இறங்கும்போது வழுக்கி, ஏற்கெனவே அடிபட்ட தோளை இன்னும் கெடுத்துக்கிட்டார். முதல் கால்பகுதியிலேயே குவார்ட்டர்பேக் டெர்ரி ஹான்ராட்டி பந்தோட ஓட முயற்சி பண்ண, பப்பா மேல வந்து விழுந்தார். ஹான்ராட்டிக்குத் தோள் பிசகி ஆட்டம் முடிஞ்சது. இதுல வேடிக்கை என்னன்னா, அது தங்களுக்குப் பாதகமாத்தான் ஆச்சுன்னு பப்பாவே பின்னால சொல்லியிருக்கார். ஹான்ராட்டி ஒரே இடத்துல நின்னு எறியற ஆள், பிடிக்க சௌகரியம். மாற்றா வந்த கோலி ஓப்ரையன் நழுவி நழுவி ஓடற ஆள். அந்த ஓப்ரையனுக்கு சமீபத்துலதான் நீரிழிவுன்னு தெரிஞ்சிருந்தது, பாவம், பாதி ஆட்டத்துக்கு மேல களைச்சுப் போயிட்டார்.

மிச்சிகன் ஸ்டேட் 10-0ன்னு முன்னால போச்சு. அதுல மூணு புள்ளி டிக் கென்னின்னு ஹவாய் பையன் வெறுங்காலால உதைச்சது, நவம்பர் மாசக் குளிர்ல! அப்புறம் ஓப்ரையன் ஒரு டச்டவுன் எறிய, நாலாவது கால்பகுதித் தொடக்கத்துல ஒரு ஃபீல்ட் கோல், 10-10. கடைசி 1 நிமிஷம் 10 நொடி. பந்து நோட்டர் டேம் கையில, அவங்களோட 30 கெஜக் கோட்டுல. ஜெயிக்க முயற்சி பண்ணலாம். தவறினா தோக்கவும் வாய்ப்பு. பயிற்சியாளர் அரா பார்சீகியன் முடிவெடுத்தார்: எறிய வேண்டாம், ஓடி ஓடி நேரத்தைக் கடத்து. ஸ்டேடியமே கூச்சல். பப்பாவும் கூட்டாளிகளும் எதிர்வரிசையைப் பார்த்து, கோழைங்களா, வந்து ஆடுங்கடான்னு கத்திக்கிட்டே நிக்கறாங்க. மணி அடிச்சாச்சு. சமன்.

இத்தோட முடிஞ்சுதான்னா, ஆமாம், முடிஞ்சே போச்சு. மோதிப் பார்க்க வேற வாய்ப்பு கிடையாது. தொடர்ந்து ரெண்டு வருஷம் ஒரே அணி ரோஸ் பவுல் போகக்கூடாதுன்னு அவங்க லீக் விதி. நோட்டர் டேம் அந்தக் காலத்துல பவுல் ஆட்டமே ஆடாது. ஏ.பி., யூ.பி.ஐ. ரெண்டுமே நோட்டர் டேமுக்குத்தான் முதலிடம் குடுத்தது. மெக்ஆர்தர் பவுல் கோப்பையை மட்டும் ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தாங்க. அலுவலகப் பெரியவர் இந்த இடத்துக்கு வரும்போது, நடந்தது நேத்துங்கற மாதிரி பார்சீகியனைத் திட்டினார். எனக்கு என்னமோ பார்சீகியன் கணக்கு புரியுது. முதலிடத்துல இருக்கறவன் சமன் பண்ணினா முதலிடம் போகாது. நடந்ததும் அதேதான். ஆனா பிடிக்கலை.

1967 தொழில்முறைத் தேர்வுல முதல் ஆளா பால்டிமோர் கோல்ட்ஸ் எடுத்தது பப்பாவை. அதாவது நாட்டுல அந்த வருஷம் கல்லூரி முடிச்ச அத்தனை பேர்லயும் முதல். ரெண்டாவது கிளிண்ட் ஜோன்ஸ், அஞ்சாவது வெப்ஸ்டர், எட்டாவது ஜீன் வாஷிங்டன். முதல் எட்டுல நாலு பேர் டஃபியோட பசங்க. டெக்சாஸ் பல்கலைக்கழகம் அதுக்கப்புறமும் மூணு வருஷம் அசையலை. 1969ல முழுக்க வெள்ளை அணியா தேசிய சாம்பியன் ஆனது. அப்படி ஆன கடைசி அணி அதுதான். 1970லதான் ஜூலியஸ் விட்டியர் என்ற முதல் கறுப்பு ஆட்டக்காரர் அவங்க பெரிய அணியில களமிறங்கினார்.

தொழில்முறை ஆட்டத்தை வேகமா தாண்டிடறேன். 1969 ஜனவரியில மூணாவது சூப்பர் பவுல், எல்லாரும் கோல்ட்ஸ் ஊதித் தள்ளும்னு சொன்ன ஆட்டம், நியூயார்க் ஜெட்ஸ்கிட்ட 16-7ல தோல்வி. 1971 ஜனவரியில டல்லாஸை 16-13ல ஜெயிச்சு கோப்பை. 1972ல ஒரு பயிற்சி ஆட்டத்துல கோட்டோரமா கெஜம் அளக்கற கம்பத்துல போய் மோதி முட்டி போச்சு, சீசன் மொத்தமும் போச்சு. அப்புறம் ஓக்லண்ட், ஹூஸ்டன், 1976ஓட சரி. அந்த முட்டிக்கு அப்புறம் பழைய பப்பா இல்லைன்னு எல்லாருமே சொல்றாங்க.

அதுக்கப்புறம்தான் பீர் விளம்பரம், 1984ல 'போலீஸ் அகாடமி'. தொடர்ந்து ஆறு பாகம். பீர் விளம்பரத்துல டின் மூடியை வெறுங்கையால பிய்ச்சு எறியற ஆள் அவர். எண்பதுகள் நடுவுல மிச்சிகன் ஸ்டேட் ஊர்வலத்துக்கு விருந்தினரா கூப்பிட்டாங்க. போனா, அதே மாணவர் கூட்டம். ஒரு காலத்துல "கில், பப்பா, கில்" கத்தின அதே தெருவுல, குடிச்சுட்டு அவர் விளம்பர வசனத்தைக் கத்தறாங்க. மனுஷனுக்குக் குடிப்பழக்கமே கிடையாது. நல்ல காசு வந்துக்கிட்டிருந்த விளம்பரத்தை விட்டுட்டார். எனக்கு சூப்பர் பவுல் கோப்பையை விட இது பெருசாத் தெரியுது.

1988ல கல்லூரி ஃபுட்பால் புகழ்மன்றத்துல சேர்த்தாங்க. 2006ல மிச்சிகன் ஸ்டேட் அவரோட 95ஆம் எண்ணை இனி யாருக்கும் தர்றதில்லைன்னு எடுத்து வெச்சது. 2011 ஆகஸ்ட் 3, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுல இறந்து கிடந்தார். வயசு 66. மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சாங்க. 2016 மே மாசம் முடிவு வெளிவந்தது. சி.டி.ஈ., அதாவது தலையில திரும்பத் திரும்ப அடிபடறதால மூளை சிதையற வியாதி. நாலு கட்டத்துல மூணாவது கட்டம். அந்த ஆய்வகம் அதுவரைக்கும் சோதிச்ச 94 தொழில்முறை ஆட்டக்காரர்கள்ல இவர் 90வது ஆளாம். (சோதனைக்கு வர்ற மூளைகள் ஏற்கெனவே சந்தேகத்துல வர்றவை, அதனால நூத்துக்குத் தொண்ணூத்தாறுன்னு எல்லா ஆட்டக்காரங்களுக்கும் நீட்டிக் கணக்குப் போடக்கூடாது. ஆனாலும்.)

முட்டறதுதான் வேலைன்னு மேல எழுதினேன் இல்லையா. மைனஸ் 51 கெஜம்னு நான் வாயைப் பிளந்த கணக்குல ஒவ்வொரு கெஜமும் யாரோ ரெண்டு பேர் தலையோட தலை மோதினதுதான். இதுல எந்த மோதல் கல்லூரியில, எந்த மோதல் காசு வாங்கினப்ப, யார் பிரிச்சுச் சொல்ல முடியும்?

ஜூலியஸ் விட்டியர் கதையும் இங்க ஒட்டிக்குது. பப்பாவுக்குத் திறக்காத கதவுல முதல்ல நுழைஞ்சவர். தொழில்முறை ஆட்டம் பக்கமே போகலை, டல்லாஸ்ல வக்கீலானார். அவருக்கு இளவயது அல்சைமர் வந்தது. 2014ல அவங்க குடும்பம் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. மேல வழக்குப் போட்டது. 2018ல இறந்தார். கதவு மூடியிருந்ததால 2000 கிலோமீட்டர் போனவருக்கும், கதவு திறந்து உள்ள போனவருக்கும் கடைசியில ஒரே மாதிரிதான் ஆச்சான்னு நான் ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். விடை எங்கிட்ட இல்லை. உள்ள விடுங்கன்னு போராடினது தப்புன்னு என்னால எழுத முடியாது. அந்தப் பசங்க அப்பவே அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாங்க. ஆனா என்ன விலைன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலை.

போன வாரம் எங்க பெரியவனோட உட்கார்ந்து 'போலீஸ் அகாடமி' முதல் பாகம் பார்த்தேன். இப்பப் பார்த்தா பாதி ஜோக்கு நெளிய வைக்குது, நடுநடுவுல ஓட்டி விட வேண்டியதாப் போச்சு. சிவிக் காட்சிக்கு அவனும் விழுந்து சிரிச்சான். கார் கவுக்கற காட்சி வந்தப்ப மட்டும், "அவன் என்னப்பா சொன்னான், இவருக்கு ஏன் இவ்ளோ கோவம்?"னு கேட்டான். படத்தை நிறுத்திட்டு போமாண்ட்ல இருந்து ஆரம்பிச்சேன். மிச்சிகன் வரைக்கும் போறதுக்குள்ள, "சரிப்பா, ஒரே ஆள் அந்தக் காரை நிஜமாவே கவுக்க முடியுமா?"ன்னான். அவர் கவுத்திருப்பார்டான்னேன்.